1900: பால்மரத்துக்கு முன்பே வந்தவர்கள்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது உலகமெங்கும் ஒரு சர்ச்சை நடந்தது. புதிய நூற்றாண்டு 2000 ஜனவரி முதல் தேதி பிறந்ததா, 2001 ஜனவரி முதல் தேதிதான் பிறந்ததா என்பதே அந்தச் சர்ச்சை. நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே வாக்குவாதம் நடந்தது. 1900ஆம் ஆண்டு பழைய நூற்றாண்டின் வாலா, புதிய நூற்றாண்டின் தலையா?

கணக்கு வாத்தியாரைக் கேட்டால் வால் என்பார். மலேசியத் தமிழர் வரலாற்றைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். ஒரு வாழ்க்கை முறை முடிந்து இன்னொன்று தொடங்கிய ஆண்டு அது. கரும்பும் காப்பியும் கைவிட்டுப் போக, பால்மரம் இன்னும் கைக்கு வராத ஆண்டு. அந்த இடைப்பட்ட காலத்தில் இந்த மண்ணில் நின்ற தமிழர்களைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பால்மரம் சீவிய பாட்டன், பாட்டி கதையும் தெரியும். முன்னது 1025ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. பின்னது இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். "ரப்பர் தோட்டத்திற்காக வெள்ளைக்காரன் கூட்டி வந்தான்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் உண்மை? அதைச் சோதித்துப் பார்க்க 1900ஆம் ஆண்டைவிட நல்ல ஆண்டு கிடையாது.

அன்று நாடு என்பது எது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1900இல் மலேசியா என்ற பெயரில் ஒரு நாடு இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் பிரிட்டனின் நேரடி ஆட்சியில் இருந்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் இணைக்கப்பட்டுக் கூட்டு மலாய் மாநிலங்கள் ஆகியிருந்தன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தன. 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பிறகுதான் அவை பிரிட்டனின் பக்கம் வந்தன. ஜொகூர் தனி வழியில் போய்க்கொண்டிருந்தது.

பேராக்கில் சுல்தான் இட்ரிஸ் அரியணையில் இருந்தார். 1887இல் ஆட்சிக்கு வந்த அவர் 1916 வரை ஆண்டார். மாநிலத் தலைநகரம் ஈப்போ அல்ல, தைப்பிங். கூட்டு மாநிலங்களின் தலைமை அதிகாரியாகக் கோலாலம்பூரில் அமர்ந்திருந்தவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். 1901இல் அவர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக உயர்ந்தார். அதே ஆண்டு ஜனவரியில் விக்டோரியா மகாராணி காலமானார்.

நான்கு மாநிலங்களுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே வகையான சட்டம், ஒரே ரயில் திட்டம் என்ற ஏற்பாடு அப்போதுதான் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. பின்னாளில் ஒரு நாடாக எழுந்து நின்ற கட்டடத்தின் அடித்தளம் அந்த ஆண்டுகளில் போடப்பட்டது. அடித்தளம் தோண்டியவர்கள் யார் என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குறுக்கே கிடந்த காடு

ஹுத்தான் மெலிந்தாங் என்ற பெயரை மலாய்மொழியில் பிரித்துப் பார்த்தால் பொருள் எளிதாக விளங்கும். ஹுத்தான் என்றால் காடு. மெலிந்தாங் என்றால் குறுக்காகக் கிடப்பது. குறுக்கே கிடந்த காடு! பெர்ணம் ஆற்றங்கரையில், பேராக்கும் சிலாங்கூரும் முகம் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அமைந்த ஊர் இது. 2017 முதல் பாகான் டத்தோ தனி மாவட்டமாகியிருக்கிறது. அதற்கு முன்பு இந்த வட்டாரம் கீழ்ப் பேராக் மாவட்டத்தின் ஒரு பகுதி.

இன்று இந்த வழியாகப் போகிறவர்கள் பார்ப்பது செம்பனையும் தென்னையும்தான். நிலம் தட்டையாக, நேர்கோடு போட்டது போன்ற வாய்க்கால்களுடன் கிடக்கிறது. அந்த வாய்க்கால்கள் இயற்கையில் வந்தவை அல்ல. பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்தக் கடலோர நிலம் ஒரு காலத்தில் சதுப்பும் காடுமாக இருந்தது. கடல் நீர் உள்ளே வராமல் கரை கட்டி, மழை நீர் வெளியே போக வாய்க்கால் தோண்டினால் ஒழிய இங்கே எந்தப் பயிரும் நிற்காது. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் முதல் உழைப்பு மரம் நடுவது அல்ல. மண் வெட்டுவதுதான் முதல் உழைப்பு.

இந்த வட்டாரத்துக்குத் துறைமுகமாக இருந்தது தெலுக் ஆன்சன். இன்றைய தெலுக் இந்தான் அதுதான். 1982இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரம் 1900இல் நகர நடுவில் நின்றுகொண்டிருந்தது. 1893இல் தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ரயிலில் வந்து கப்பல் ஏறியது. கப்பலில் அரிசியும் ஆட்களும் வந்து இறங்கினர். 1899இல் மெதடிஸ்ட் சபையினர் அங்கே ஆங்கிலப் பள்ளியும் தொடங்கினர்.

ஆக, 1900இல் ஹுத்தான் மெலிந்தாங் காடாக இருந்தாலும், காட்டின் விளிம்பில் உலகச் சந்தை வந்து நின்றுகொண்டிருந்தது.

கரும்பும் காப்பியும்

இந்தச் சந்தை முதலில் கேட்டது சர்க்கரையை. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கரும்புத் தோட்டங்கள் தமிழர் உழைப்பில் நடந்துகொண்டிருந்தன. அங்கிருந்து கரும்பு தெற்கே இறங்கிப் பேராக்கின் கிரியான் வட்டாரத்திற்கு வந்தது. கிரியானில் இருந்து இன்னும் தெற்கே, கீழ்ப் பேராக்குக்கும் வந்தது. இந்தப் பகுதி மக்களுக்கு நன்கு பழக்கமான ருபானா, நோவா ஸ்கோஷியா போன்ற தோட்டப் பெயர்கள் தொடக்கத்தில் கரும்போடு சம்பந்தப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது. அவை ரப்பருக்கு மாறியது பின்னால் நடந்த கதை.

கரும்புத் தோட்ட வேலை மற்ற வேலைகளைப் போன்றது அல்ல. கரும்பு வெட்டிய உடனே ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் சாறு கெட்டுவிடும். எனவே அறுவடைக் காலத்தில் ஆலை ஓடும் நேரமே வேலை நேரம். தோட்டத்திற்கு எப்போதும் கையடக்கமாக, ஓடிப்போக முடியாதபடி ஆட்கள் தேவைப்பட்டார்கள். இந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருந்தது சஞ்சி முறை.

காப்பியின் கதை வேறு. இலங்கையில் காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்த பிறகு, அங்கிருந்த துரைமார்கள் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி நட்டார்கள். 1890களின் நடுவில் காப்பிக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் பிரேசில் நாடு அளவுக்கு மீறிக் காப்பி விளைவித்ததால், நூற்றாண்டு முடியும் தறுவாயில் விலை சரிந்து விழுந்தது. 1900இல் மலாயாவின் காப்பித் துரைமார்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். காப்பிச் செடிகளுக்கு இடையே ஒரு புதிய மரத்தை நட்டுப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது அந்த நெருக்கடியில்தான்.

சஞ்சியும் கங்காணியும்

மலாய்மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் 'ஜஞ்சி' என்ற சொல்தான் நம்மவர் நாவில் 'சஞ்சி' ஆனது என்பர். வாக்குறுதி கொடுத்தவர் யார் என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலி, நாகப்பட்டினத்தில் ஒரு தாளில் கைநாட்டு வைக்கிறார். பொதுவாக மூன்று ஆண்டு ஒரே முதலாளியிடம் வேலை செய்வதாக அதில் எழுதியிருக்கிறது. கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர் கணக்கில் கடனாக ஏறுகின்றன. இடையில் வேலையை விட்டுப் போனால் அது வெறும் ஒப்பந்த மீறல் அல்ல, குற்றம். பிடிபட்டால் சிறை.

நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து செபராங் பிறைக்கும், கிரியானுக்கும், சிறு கப்பல்களில் தெலுக் ஆன்சனுக்கும் பிரிந்து போனார்கள். பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு போன்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் நிலம் இல்லாதவர்களும், சாதியால் ஒடுக்கப்பட்டவர்களும் மிகுதி. பஞ்சமும் கடனும் பின்னாலிருந்து தள்ளின. முன்னாலிருந்து இழுத்தது ஆள்கட்டியின் பேச்சு.

காப்பித் தோட்டங்கள் வேறு ஒரு வழியை இலங்கையிலிருந்து கொண்டுவந்தன. தோட்டத்தில் இருக்கும் ஒருவரையே ஊருக்கு அனுப்பி, தன் சொந்தபந்தங்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்துவரச் செய்வது. அவர்தான் கங்காணி. கங்காணி மூலம் வந்தவர் சட்டப்படி சஞ்சிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனால் கங்காணிக்குக் கடன்பட்டவர். துரையிடம் பட்ட கடனுக்குப் பதில் ஊர்க்காரரிடம் பட்ட கடன். இதில் ஓர் அனுகூலமும் இருந்தது. தெரிந்த முகங்களோடு, சில வேளைகளில் மனைவி மக்களோடு வர முடிந்தது. பின்னாளில் தோட்டங்களில் குடும்பமும் கோயிலும் திருவிழாவும் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1900ஆம் ஆண்டு இந்த இரண்டு முறைகளும் ஒன்றை ஒன்று சந்தித்துக்கொண்ட காலம். அந்த ஆண்டு சஞ்சியில் வந்தவர்களின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது. ஆனால் அதுதான் அதன் கடைசி வீச்சு. கங்காணி முறை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் கொடுக்கும் நிதி அமைந்தது. 1910இல் மலாயாவுக்குச் சஞ்சியில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. பிஜித் தீவில் இந்தியர்கள் இன்னும் சில ஆண்டுகள் அந்த நுகத்தடியில் இருந்தார்கள். கங்காணி முறையும் 1938இல் முடிவுக்கு வந்தது.

இதே வேளையில் உலகின் இன்னொரு மூலையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1901 ஜனவரி முதல் தேதி ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தது. அதே ஆண்டு அந்நாடு இயற்றிய சட்டங்கள் வெள்ளையர் அல்லாதார் நுழையக் கதவை மூடின. குவீன்ஸ்லாந்தின் கரும்புக் காடுகளில் உழைத்த பசிபிக் தீவினரைத் திருப்பி அனுப்பவும் வழி செய்தன. ஒரே பிரிட்டிஷ் கொடி. ஒரே கரும்பு. அங்கே கதவு மூடியது, இங்கே திறந்தது. கொள்கை வேறு வேறாகத் தெரிந்தாலும் கணக்கு ஒன்றுதான். உழைப்பு தேவைப்படும்வரை மனிதர் தேவை. அவர் அந்த மண்ணின் மைந்தராக ஆவாரா என்று எந்தச் சட்டமும் அன்று கேட்கவில்லை.

பாலமும் பாதையும்

1900 மார்ச் மாதம் பேராக்கில் ஒரு பெரிய வேலை முடிந்தது. கோலகங்சார் அருகே காராயில் பேராக் ஆற்றின் குறுக்கே கட்டிய விக்டோரியா பாலம்தான் அது. 1897 டிசம்பரில் தொடங்கிய வேலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. செங்கல் தூண்கள் மேல் இரும்புச் சட்டங்கள் பூட்டிய அந்த ரயில் பாலத்தைச் சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். இன்று ரயில் புதுப் பாலத்தில் ஓடுகிறது. பழைய பாலம் பார்வைக்காக நிற்கிறது. புகைப்படம் எடுத்துக்கொள்ள இளைஞர்கள் அங்கே போகிறார்கள்.

அந்தப் பாலம் எதற்காக? வடக்கே பிறை முதல் தெற்கே சிரம்பான் வரை ஒரே தண்டவாளம் போட வேண்டும் என்பது திட்டம். 1903இல் அது நிறைவேறியது. பினாங்குக் கரையில் ரயில் ஏறியவர் மாநிலம் மாநிலமாகக் கடந்து இறங்காமல் போக முடிந்தது. நான்கு மாநிலங்களை ஒரு நாடாகத் தைத்த நூல் இந்தத் தண்டவாளம்.

ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். மண் அணை போடுவது, கல் உடைப்பது, கட்டை அடுக்குவது, பாதையைப் பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. நிலையத்திலும் அலுவலகத்திலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றினார்கள். ஒரே மொழி பேசியவர்கள்தாம். ஆனால் சம்பளம் வேறு, வீடு வேறு, பிள்ளைகளின் எதிர்காலம் வேறு. அந்தப் பிளவின் நிழல் பின்னாளிலும் நீண்டது.

காய்ச்சலுக்குப் பெயர் கிடைத்த ஆண்டு

அக்காலத் தோட்டங்களில் மனிதர்களைக் கொன்றது புலியும் பாம்பும் அல்ல. காய்ச்சல்தான் கொன்றது. காடு வெட்டி மண் தோண்டிய இடமெல்லாம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காரணம் என்று காலங்காலமாக நம்பினார்கள். 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியா கொசுவால் பரவுவதற்கான தடயத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் கண்டுபிடிப்பு என்பது ஒன்று. அது ஒரு கூலியின் உயிரைக் காப்பாற்றுவது வேறொன்று.

அந்த இடைவெளியை அடைக்கும் வேலை மலாயாவில் தொடங்கியது இந்த நூற்றாண்டுத் திருப்பத்தில்தான். 1900இல் கோலாலம்பூரில் நோய் ஆய்வுக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் அதுவே. அதே ஆண்டு மலாயாவுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் 1901 தொடக்கத்தில் கிள்ளானில் பொறுப்பேற்றார். அவர் வந்தபோது கிள்ளான் நகரமே காய்ச்சலில் கிடந்தது. 1901 செப்டம்பரில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகமும், இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான், தொடக்கத்திலேயே காய்ச்சலால் தள்ளாடியது. வாட்சன் சதுப்புகளை வடியச் செய்தார், புதர்களை அழித்தார். காய்ச்சல் கண்ணெதிரே குறைந்தது.

பின்னர் அவர் கண்டறிந்த இன்னொரு உண்மை ஹுத்தான் மெலிந்தாங் போன்ற இடங்களுக்கு முக்கியமானது. கடலோரத் தட்டை நிலத்தில் காய்ச்சல் பரப்பும் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, நீரை வடித்தால் அது ஒழியும். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் இதே வேலை எதிர்மாறான பலனைத் தந்தது. அங்கே காடு வெட்டிய பிறகு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. ஒரு தோட்டத்தின் மருந்து இன்னொரு தோட்டத்தின் விஷம் ஆனது.

இதன் பொருள் என்ன? கீழ்ப் பேராக்கின் கடலோரத்தில் வாய்க்கால் தோண்டி முடித்த பிறகு குடியேறியவர்கள் ஓரளவு பிழைத்தார்கள். தோண்டியபோது அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொசு வலை, கொய்னா மாத்திரை, சுத்தமான குடிநீர் எதுவும் பெரும்பாலோருக்குக் கிடைக்காத காலம் அது. பின்னால் வந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டது, முன்னால் வந்தவர்கள் வெட்டிய வாய்க்காலின் புண்ணியத்தால்.

வெறும் நான்கு டன்

இப்போது பால்மரத்துக்கு வருவோம். பிரேசில் நாட்டு விதைகளை ஹென்றி விக்ஹம் 1876இல் லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. பேராக்கின் ஆங்கில ஆலோசகர் ஹியூ லோ தம் தோட்டத்தில் அவற்றை நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் பாதுகாக்கப்படுகிறது.

மரம் வந்துவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகள் அதை யாரும் மதிக்கவில்லை. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி, பட்டையைச் சாகடிக்காமல் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். போகிற வருகிற துரைமார் சட்டைப் பையில் ரப்பர் விதைகளைத் திணித்து நடச் சொன்னார். "பைத்தியக்கார ரிட்லி" என்று அவரைக் கேலி செய்தார்கள். மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டுக் காட்டிய பிறகே மற்றவர்களுக்குத் துணிவு பிறந்தது.

1900இல் உலகமெங்கும் தோட்டங்களில் கிடைத்த ரப்பர் சுமார் 4 டன்தான். காடுகளில் திரட்டிய ரப்பரோ ஐம்பதாயிரம் டன்னைத் தாண்டியது. அது அமேசானிலிருந்தும், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொடுமைக்கு உள்ளான கொங்கோவிலிருந்தும் வந்தது.

பால்மரம் நட்டால் சீவுவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். காப்பி விலை விழுந்த 1899, 1900 ஆண்டுகளில் நட்ட மரங்கள் 1905, 1906இல் பால் தந்தன. அதே நேரத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியது. 1906இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் நாட்டுப் பொறியியலாளர் ஹுத்தான் மெலிந்தாங் அருகே ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்கினார். இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் வேர் அந்தத் தோட்டம். 1910இல் ரப்பர் விலை உச்சம் தொட்டது. கரும்பு கொஞ்ச காலத்தில் பேராக்கை விட்டே போனது.

மாற்றம் வேகமாக நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதலாளிகளிடம் பணம் மட்டும் இருந்தால் போதாது. நிலத்தை வடித்துத் திருத்தத் தெரிந்த, தட்பவெப்பத்துக்குப் பழகிய, லயத்து வாழ்க்கைக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கும் பழகிய ஆட்கள் வேண்டும். அவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள்.

தலைக்கணக்கு

எத்தனை பேர் இருந்தார்கள்? 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. கூட்டு மலாய் மாநிலங்களில் மொத்தம் சுமார் 678,000 பேர். அவர்களில் இந்தியர்கள் சுமார் 58,000. பேராக்கில் மட்டும் சுமார் 35,000. சிலாங்கூரில் சுமார் 17,000.

தோட்ட ரப்பர் உலகத்துக்கே நான்கு டன் கிடைத்த காலத்தில், பேராக்கில் 35,000 இந்தியர்கள்! "ரப்பருக்காகக் கூட்டி வந்தான்" என்ற ஒற்றை வரி இங்கே உடைந்து போகிறது. அவர்கள் ரப்பருக்காக வந்தவர்கள் அல்லர். அவர்கள் இருந்ததால்தான் ரப்பர் அத்தனை வேகமாக வேரூன்றியது. பத்தே ஆண்டுகளில், 1911இல், கூட்டு மாநிலங்களின் இந்தியர் எண்ணிக்கை சுமார் 172,000 ஆகி மூன்று மடங்கைத் தொட்டது. அந்தப் பெருவெள்ளம்தான் ரப்பர் கொண்டு வந்தது. வெள்ளத்துக்கு முந்திய ஊற்று கரும்பிலும் காப்பியிலும் தண்டவாளத்திலும் இருந்தது.

இன்று சிலர் மேடைகளில் "நேற்று வந்தவர்கள்" என்று பேசும்போது நம்மவர்கள் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தைவிட ஒரு கணக்கு வலுவானது. அந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கில் ஒரு குறையும் இருக்கிறது. அது தலைகளை எண்ணியது, பெயர்களைக் கேட்கவில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழ் வணிகர்களுக்குப் பத்திரிகை இருந்தது. 1887லேயே சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வெளிவந்தது. கோலாலம்பூரில் தம்புசாமி பிள்ளை போன்ற செல்வந்தர்களின் பெயர் பத்துமலைக் கோயிலோடு சேர்ந்து நிற்கிறது. கீழ்ப் பேராக்கின் கரும்புக் காட்டில் வாய்க்கால் வெட்டியவரின் பெயர் எங்கே நிற்கிறது? தோட்டத்தின் செக்ரோல் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்திருக்கும். கங்காணியின் கணக்கில் ஒரு கடனாக இருந்திருக்கும். அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

பெயர் இல்லாததன் விலை

பழங்கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்கலாம். பெயரும் தாளும் இல்லாததற்கு இந்தச் சமுதாயம் கொடுத்த விலை பெரிது.

1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது குடியுரிமைக்குத் தாள் வேண்டியிருந்தது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த பலர் அதன் அருமை தெரியாமல் விண்ணப்பிக்கவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. பல்லாயிரக்கணக்கானோர் தாங்கள் அறியாத 'ஊருக்கு'க் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாளக் கார்டுடன் முதுமை அடைந்தார்கள். 2011இல் அரசு 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை நடத்த வேண்டிய நிலை வந்ததென்றால், சிக்கல் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்ளலாம். பிறப்பைப் பதியாத ஒரு பாட்டியின் கவனக்குறைவு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. ஆட்களை எண்ணிக்கையாக மட்டும் பார்த்த ஒரு முறையின் நீண்ட வால் இது.

நிலத்தின் கதையும் இப்படித்தான். சதுப்பை வயலாக்கியவர்களுக்கு அதில் ஒரு சாண் சொந்தமில்லை. 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயம் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கு மாற்றாகத்தான் சுங்கை சிப்புட்டைத் தொகுதியாகக் கொண்ட துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய உழைப்பாளிகளுக்குக் கிடைக்காத உரிமையை அவர்களின் வாரிசுகளில் சிலராவது விலை கொடுத்துப் பெற்றார்கள்.

இனி என்ன செய்யலாம்?

கீழ்ப் பேராக், பாகான் டத்தோ வட்டாரத் தோட்டங்களிலிருந்து இளைய தலைமுறை ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டது. லயங்கள் இடிகின்றன. தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். தோட்டக் கோயில்கள் இடம் மாறுகின்றன. ஓர் ஊர் கலையும்போது முதலில் தொலைவது அதன் பழைய தாள்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் அக்கால மாநில ஆண்டறிக்கைகளும் தொழிலாளர் இலாகாக் கோப்புகளும் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் வரலாறு படிக்கும் தமிழ் மாணவர்கள் அவற்றைப் புரட்ட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அறிஞர்களிடம் விட்டுவிட வேண்டியதில்லை. கோயில் சுவரில் பதித்த உபயகாரர் கல், தோட்டத்து இடுகாட்டுக் கல்லறை, பள்ளிக்கூடத்துப் பழைய சேர்க்கைப் பதிவேடு, பீரோவுக்குள் மடித்து வைத்த பிறப்புப் பத்திரம், எல்லாமே ஆவணம்தான்.

ஒவ்வொரு குடும்பமும் நான்கு விவரங்களை எழுதி வைக்கலாம். முதலில் வந்தவர் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தார்? எந்த ஆண்டு வாக்கில், யாரோடு வந்தார்? எந்தத் தோட்டத்தில் அல்லது எந்த இலாகாவில் முதன்முதலாக வேலை செய்தார்? நான்கில் இரண்டுக்குத்தான் விடை தெரியும் என்றாலும் எழுதலாம். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுவது நல்லது.

1901இன் கணக்கெடுப்பு பேராக்கில் 35,000 தலைகளை எண்ணிவிட்டுப் போனது. அவற்றில் சில நூறு தலைகளுக்காவது பெயர் சேர்ப்பது இன்னும் முடியாத காரியம் அல்ல. ஹுத்தான் மெலிந்தாங்கில் அந்த நேர்கோட்டு வாய்க்கால்களில் நீர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தானாக வந்த நீர்வழி அல்ல, மனிதர்கள் வெட்டியது என்றாவது அதன் கரையில் வளரும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.